கம்ப்யூட்டருக்கு வந்த காய்ச்சல்

சென்ற இதழில் கிரைண்டர் கல் கொத்துவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் இளம் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, முகத்தில் கவலை. "அக்கா, கிரைண்டர் இருக்கட்டும். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் அடுப்பு மாதிரி கொதிக்குது. அவரு புதுசு வாங்கணும்கிறாரு. அதைப் பத்தி எழுதுங்களேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அடுப்பில் சென்ற சித்திரையிலேயே வெந்து எழுந்தவள் நான்.

பத்தாவது வரை படித்தவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவதாவது என்று நினைக்காதீர்கள். இதில் கணக்கும் இங்கிலீஷும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல. அது நமக்குப் பழகிய வேலைதானே?

எங்கள் வீடு திருச்சி உறையூரில். சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூத்தவள் சிவில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கட்டடப் பிளான் வரைவது, கணக்குப் போடுவது எல்லாமே கம்ப்யூட்டரில்தான். 2018-ல் வாங்கிய பெட்டி. கல்லூரியில் பிராஜெக்ட் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது அது 'டப்'பென்று அணைந்துபோக ஆரம்பித்தது. முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. கரண்ட் போனது போல அணையும். உடனே போட்டால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி அணையும். அரை மணி நேரம் சும்மா விட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். மூன்று தடவை அவள் வரைந்தது பாதியில் போயிற்று. மூன்றாவது தடவை அவள் அழவில்லை, பேசாமல் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டாள். பெற்றவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் ரிப்பேர் கடையிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. சூடு காட்டும் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டார். வரிசையாக எண்கள் வந்தன. அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "பாருங்க சார், 127 டிகிரி. மதர்போர்டு எரிஞ்சுகிட்டிருக்கு. போர்டும் பிராஸஸரும் சேர்த்து மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்" என்றார். சின்னவனின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட எடுத்துவைத்த பணம் பீரோவில் இருந்தது. என்னவர் அந்தப் பீரோவைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

என் மாமியார் மட்டும் அசையவில்லை. இரண்டாவது வரியில் இருந்த எண்ணைப் பார்த்து, "நூறுதானே காட்டுது? ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டா இறங்கிடப்போகுது" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாவம், அவர்கள் கேட்டதில் தப்பில்லை. நம் வீட்டுத் தெர்மாமீட்டர் பாரன்ஹீட். அதில் 100 என்றால் இலேசான காய்ச்சல். கம்ப்யூட்டர் காட்டுவது சென்டிகிரேட். அதில் 100 என்றால் தண்ணீர் கொதிக்கிற சூடு. எண்ணைப் பார்க்கும் முன் எந்த அளவு என்று பார்க்க வேண்டும், இல்லையா? அந்த 127 எந்த அளவு, எதை அளந்தது என்று கடைக்காரரிடம் கேட்க அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி கோயம்புத்தூரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் போட்டேன். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். அவன் முதலில் கேட்ட கேள்வியே டாக்டர் கேட்கிற கேள்வி.

"எப்பலேர்ந்து அக்கா?"

"நாலு நாளா அணைஞ்சு போகுது."

"அணையறதை விடு. அதுக்கு முன்னாடி? மெதுவா ஓடுச்சா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் யோசித்து, "பொங்கலுக்கு அப்புறமே ஸ்லோதான் மாமா. வைரஸ்னு நினைச்சேன்" என்றாள்.

"பொங்கலுக்கு என்ன பண்ணினீங்க?"

என்ன பண்ணுவோம்? வெள்ளையடித்தோம். அதற்காகப் பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்து, மறுபடி உள்ளே கொண்டுபோகும்போது நிலைப்படியில் ஒரு இடி இடித்தது. மேஜையின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டி வைத்தோம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் நீல நூலில் பூப்பின்னி, ஓரத்தில் கொசுவம் வைத்து, அதற்கு ஓர் உறையும் தைத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் ரேடியோவுக்குப் போடுவோமே, அந்த மாதிரி. இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லா தைக்கிற அக்கா" என்றான்.

அவன் சொல்லித்தான் எனக்குப் பல விஷயம் விளங்கியது. நாம் சிபியு என்று பெட்டி முழுவதையும் சொல்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே ஒரு பிஸ்கட்டை விடச் சின்னதாக இருக்கும் பிராஸஸர். வேலை செய்யச் செய்ய அது சூடாகும். அதன் தலைமேல் அலுமினியத் தகடுகளாலான ஒரு கட்டி உட்கார்ந்திருக்கும், அதற்கு ஹீட் ஸிங்க் என்று பெயர். அதன் மேல் ஒரு சின்ன விசிறி. பிராஸஸரின் சூடு தகடுகளுக்கு ஏற வேண்டும், தகடுகளின் சூட்டை விசிறிக்காற்று எடுத்துப்போக வேண்டும், அந்தக் காற்று பெட்டியை விட்டு வெளியே போக வேண்டும். இந்த மூன்றில் எது தடைப்பட்டாலும் காய்ச்சல்தான்.

சூடு ஏறினால் பிராஸஸர் உடனே எரிந்துபோவதில்லை. எங்களுடையது இன்டெல் ஐ3-8100. அதற்குக் கம்பெனி வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் நடப்பவர் களைத்து நடையைத் தளர்த்துவது போல. அதுதான் எங்கள் வீட்டு 'ஸ்லோ'. அதையும் மீறி ஏறிக்கொண்டே போய் 130-ஐ நெருங்கினால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்ட்டையே நிறுத்திவிடும். சில போர்டுகள் அதற்கு முன்பே நிறுத்திவிடுமாம். மூன்று மாதமாக அது முனகிக்கொண்டிருந்தது, நாங்கள் மூர்ச்சையான பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

"அப்ப அந்த 127?" என்று கேட்டேன்.

"அந்த வரிக்குப் பக்கத்துல என்ன பேர் போட்டிருக்கு? கோர் 0, கோர் 1னு போட்டிருக்கா?"

இல்லை. ஏதோ ஆக்ஸ் என்று ஆரம்பிக்கிற பெயர். மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவன் சிரித்தான். மதர்போர்டில் சூட்டைப் பார்க்கும் சிப்பில் நாலைந்து இணைப்பு இடம் விட்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியிருக்க மாட்டார்கள். மாட்டாத இடத்தையும் புரோகிராம் படித்து 127 என்றோ, பூஜ்யத்துக்குக் கீழே என்றோ உளறும். தெர்மாமீட்டரை யார் வாயிலும் வைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் காய்ச்சல் பார்த்த கதை. இரண்டு நாள் கழித்துப் பெட்டி முழுதாக ஆறி இருந்தபோதும் அதே 127-தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எது வந்தாலும் ஆடாத எண்ணை நம்பவேண்டாம் என்றான். அதே போல, அறையின் சூட்டை விடக் குறைவாகக் காட்டும் எண்ணும் பொய். விசிறிக்காற்று அறைக்காற்றுதானே, அதை விட எப்படிக் குளிரவைக்கும்?

நாங்கள் பார்க்க வேண்டியது 'கோர்' என்று இருக்கும் வரிகளை. கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்று இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம்கள் அதைக் காட்டுகின்றன. பெட்டியைப் போட்டதும் பயாஸ் என்ற பக்கத்துக்குள் போயும் பார்க்கலாம். ஆனால் அங்கே கொஞ்சம் கூடவே காட்டும். பயாஸில் இருக்கும்போது பிராஸஸர் விண்டோஸில் போல ஓய்வெடுப்பதில்லை. அதோடு, அணைந்துபோன பெட்டியை மறுபடி போட்டு பயாஸுக்குள் நுழைவதற்குள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியும்விடும். டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் குழந்தை சிரித்து விளையாடுமே, அந்த மாதிரி.

எந்த எண்ணுக்குப் பயப்படலாம் என்று நான் விடாமல் கேட்டேன். அவன் ஒரே பதில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். அறைச் சூட்டுக்கு மேல் பத்திலிருந்து இருபது டிகிரி, சும்மா இருக்கும்போது. நம் ஊர்க் கோடையில் அறையே 36 இருந்தால் பிராஸஸர் 50 காட்டுவதில் அதிசயமில்லை. ஊட்டியில் அதே பெட்டி 35 காட்டும். கடுமையாக வேலை செய்யும்போது 70, 75 வந்தால் தூக்கம் கெட வேண்டாம். 90-க்கு மேலேயே நின்றால் ஏனென்று பார்க்க வேண்டும். அதுவும் எங்கள் மாதிரிப் பிராஸஸருக்கு. 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில, முழு வேலையில் 95-ஐத் தொட்டு ஓடும்படியே கம்பெனி அமைத்ததாம். 2017-ல் வந்த ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிச் சொல்லும்படி செய்யப்பட்டவை, விசிறி வேகமாகச் சுழலட்டும் என்பதற்காக. அதைக் கழிக்கத் தெரியாத பழைய புரோகிராமில் பார்த்தவர்கள் எத்தனை பேர் பதறினார்களோ! ஆகவே உங்கள் பெட்டிக்குள் இருப்பது எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு எல்லை எவ்வளவு என்று கம்பெனியின் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.

எங்கள் எண்களை மகள் ஒரு நோட்டில் குறித்தாள். ஜூரக் குறிப்பு எழுதுவோமே, மணி, சூடு, என்ன செய்துகொண்டிருந்தது என்று, அதே மாதிரி. சும்மா இருக்கும்போது 62. பிளானைத் திறந்ததும் 97, பிறகு 100. அந்த நேரத்தில் டாஸ்க் மானேஜரில் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து விழுந்துகொண்டே வந்தது.

"ஏறினது எப்படி அக்கா? படிப்படியா ஏறுச்சா, ஒரே குதியா குதிச்சுதா?"

"நாலு எண்றதுக்குள்ள 97."

"ம்ம். பெட்டியோட பக்கப் பலகையைக் கழட்டிட்டு, அத்தானை டேபிள் ஃபேனை அது மேல திருப்பச் சொல்லு. எவ்வளவு இறங்குதுன்னு பாரு."

என்னவர் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். மூன்று டிகிரிதான் இறங்கியது. தூசியும் காற்றோட்டமும் மட்டும் குற்றம் என்றால் திறந்துவைத்ததும் பத்து, பதினைந்து டிகிரி விழுந்திருக்க வேண்டுமாம். சூடும் பால் காய்வது போல மெல்ல மெல்ல ஏறியிருக்கும்.

அடுத்து அவன் சொன்ன சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 100 காட்டும்போது பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உடனே அந்த அலுமினியத் தகடுகளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னான். கை ஈரமில்லாமல். தொட்டேன். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூடு கூட இல்லை. கீழே கொதிக்கிறது, மேலே வெதுவெதுப்பு. அடி வளைந்த தோசைக்கல்லை மின்சார அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? அடுப்பு செக்கச்செவேல் என்று இருக்கும், தோசை வேகாது. கல் அடுப்போடு ஒட்டவில்லை. இங்கேயும் அதுதான். தகடும் சேர்ந்து கொதித்திருந்தால் காற்று சரியில்லை என்று அர்த்தம். தகடு ஆறியிருக்கிறது என்றால் பிராஸஸரோடு அது சரியாக உட்காரவில்லை.

"நானே கழட்டட்டுமா?" என்றேன்.

என்னவர், "இதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார். தம்பி போனிலிருந்தே, "அத்தான், மிக்ஸியை அக்காதானே கழட்டி மாட்டுது? இது அதை விடச் சுலபம்" என்றான். வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. உங்களுடையதற்கு இன்னும் வாரண்டி இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சின்னவனை அவன் பாட்டியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம். சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் இதை முக்கியமாகக் கவனியுங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதில் ஒன்று குழந்தை வாய்க்குள் போனால் கம்ப்யூட்டர் நின்றதை விடப் பெரிய கஷ்டம்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தேன், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துபோவதற்காக. பெட்டியைத் தரையில் படுக்க வைத்து, அதன் வர்ணம் பூசாத இரும்பில் ஒருமுறை கையை வைத்துக்கொண்டேன். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இரும்புக்குப் போய்விடும், போர்டைத் தாக்காது. நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு இந்த வேலை வேண்டாம், பருத்திதான் நல்லது. ஒரு மூலையில் கரண்ட் ஒயர்கள் எல்லாம் புறப்படும் ஒரு தகரப்பெட்டி இருக்கும், அதற்கு பவர் ஸப்ளை என்று பெயர். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தேங்கியிருக்கும்.

மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள், தம்பி அதில் பார்த்தான். நான் விசிறியின் மேலே பார்த்தபோது ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தது. விசிறியின் இதழ்களுக்கு இடையே டார்ச் அடித்துக் கீழே பார்த்தேன். அடேயப்பா! தகடுகளின் மேல் கம்பளி விரித்த மாதிரி ஒரு படலம். சும்மா ஊதினால் பறக்கிற தூசி இல்லை. சமையல்கட்டின் தாளிப்புப் புகையும், பூஜை அறை ஊதுவத்திப் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் அறை இரண்டுக்கும் நடுவில்.

அதை விட, தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, அந்தக் கீழ் இடது மூலைக் குமிழைப் பாரு. மத்ததை விட உசரமா நிக்குதா?" ஆமாம். இன்டெல்லோடு வரும் இந்த விசிறிக்கட்டியை நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் குமிழ்கள் போர்டோடு பிடித்திருக்கும். 2004-லிருந்தே அந்தக் கம்பெனி பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கிறதாம். அதில் ஒன்று முழுசாக வெளியே வந்திருந்தது. எதிர் மூலையில் இருந்ததும் பாதி கழன்றிருந்தது. நிலைப்படி இடி! ஒரு மூலை தூக்கிக்கொண்டால் கட்டி சாய்ந்துவிடும், நடுவில் மயிரிழை இடைவெளி விழும். அந்த மயிரிழைதான் பதினாலாயிரம் ரூபாய் கேட்டது.

குமிழை அப்படியே அழுத்திவிட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது. பிராஸஸருக்கும் கட்டிக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற பசை இருக்கும். ஒருமுறை தூக்கிய கட்டியைப் பழைய பசையோடு மறுபடி உட்காரவைக்கக் கூடாது. எங்களுடையது ஏழெட்டு வருஷத்துப் பசை வேறு. காய்ந்த சந்தனம் போல ஆகியிருந்தது. என்னவர் கடைக்குப் போய் ஒரு சின்னக் குழாய் வாங்கி வந்தார். இருநூறு ரூபாய்க்குள்தான். பக்கத்து வீட்டம்மா, "பற்பசையே போதும்னு எங்க பையன் சொல்றான்" என்றார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் வேலை செய்யுமாம், அப்புறம் தண்ணீர் வற்றிக் காய்ந்துவிடும். வேண்டவே வேண்டாம்.

குமிழ் ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கிறது. அம்பு காட்டும் பக்கம் கால் வட்டம் திருப்பி மேலே இழுத்தால் கழன்று வரும். விசிறியின் ஒயரை முதலில் பிடுங்கிவிட்டு, நாலையும் கழற்றி, கட்டியை மெல்ல ஆட்டித் தூக்கினேன். பிராஸஸரை இரும்புச் சட்டம் ஒன்று அழுத்திப் பிடித்திருந்ததால் அது அசையவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பெட்டி உள்ளவர்கள் இங்கே ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் அந்தச் சட்டம் கிடையாது. பசை இறுகியிருந்து நேராக இழுத்தால் பிராஸஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள ஊசிகள் வளைந்துபோகும். பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு கட்டியை இப்படியும் அப்படியும் திருகித்தான் எடுக்க வேண்டும். என் சிநேகிதி ஒருத்தி வீட்டில் இதில்தான் ஒரு பிராஸஸர் போயிற்று.

பழைய பசையை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். தகடுகளைத் தனியாக வெளியே கொண்டுபோய்ப் புதுப் பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டினேன். ஊதும் கருவி இருந்தால் ஊதலாம், ஆனால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்று வேகத்தில் கன்னாபின்னாவென்று சுழன்றால் அச்சு கெடும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரைப் போர்டில் வைக்காதீர்கள், அதிலும் நிலைமின்சாரம் உண்டு. ஈரத்துணியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பசை ஒரு பச்சைப் பட்டாணி அளவு, நடுவில். நம் கைக்கு அது போதாது போலத்தான் தோன்றும். எனக்கு இன்னும் கொஞ்சம் வைக்கக் கை வந்தது. "அக்கா, அது நெய் இல்லே" என்றான் தம்பி. கட்டியை வைத்து அழுத்தும்போது தானே பரவும், நிறைய வைத்தால் வழியும். பிறகு குமிழ்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, மூலைக்கு மூலை எதிர் எதிராக அழுத்தினேன். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். போர்டு கொஞ்சம் வளைவது போல இருந்தது, எனக்கு உயிரே போயிற்று. நாலு 'டக்' கேட்ட பிறகு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

மூடிப் போட்டால், திரையில் விசிறியைக் காணோம் என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசிறி ஒயரை மாட்ட மறந்திருந்தேன்! சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் மாட்டினேன். ஓடியது.

அறைச் சூடு 35. சும்மா இருக்கும்போது 46. பிளானைத் திறந்து அரை மணி நேரம் ஓட்டியபோது 68-க்கு மேல் போகவில்லை. வேகம் 3.6-லேயே நின்றது. மகள் நோட்டில் எழுதிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். என்னவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காப்பி அவர் போட்டார்.

இதோடு முடிந்தது என்றால் நன்றாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி 'டப்'! மகள் அலறிக்கொண்டு வந்தாள். என்னவர், "அப்பவே கடைக்காரர் சொன்னார்" என்று ஆரம்பித்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அணையும்போது எவ்வளவு காட்டிச்சு?" திரை ஓரத்திலேயே எண் தெரியும்படி வைத்திருந்ததால் அவளுக்கு நினைவிருந்தது. 65.

65-ல் இந்தப் பிராஸஸர் தன்னை நிறுத்திக்கொள்ளாது. நூறிலேயே அது நடையைத்தான் தளர்த்தும். அப்படியானால் இது காய்ச்சலே இல்லை, வேறு ஏதோ. தம்பிக்குப் போன் போடாமலே இவ்வளவு தூரம் எனக்கு வந்துவிட்டது. அணைந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்தேன். நான்தான் அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் மாட்டியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து. அதில் கம்ப்யூட்டர் பிளக்கைத் தொட்டால் லொடலொடவென்று ஆடியது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து, மறுபடி எரியும் நேரத்தில்தான் கம்ப்யூட்டர் போயிருக்கிறது. மகளை உட்காரவைத்து, வரைந்ததைப் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு, நானே வேண்டுமென்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அணைந்தது. கம்ப்யூட்டருக்குச் சுவரில் தனிப் பிளக், இஸ்திரிக்கு வேறு அறை என்று பிரித்தோம். அதற்கப்புறம் இன்றுவரை ஒருமுறை கூட அணையவில்லை. பிராஜெக்டும் தேதிக்குள் கொடுத்தாயிற்று.

இப்போது பெட்டி மேஜையின் அடித்தட்டில் இல்லை. வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு மணைமேல் நிற்கிறது. அதன் பின்பக்க விசிறி விடும் வெந்காற்று போக இடம் வேண்டுமே. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் திறந்து பிரஷ் போடுகிறேன். அறையில் ஊதுவத்தி ஏற்றுவதை மாமியாரே நிறுத்திவிட்டார்கள், "அதுக்கு மூச்சு முட்டுது பாவம்" என்று.

நீல நூல் உறை வீணாகவில்லை. கிரைண்டருக்குச் சரியாக இருந்தது. மாவு அரைக்கும்போது மட்டும் எடுத்துவிடுகிறேன்.